ஸ்டெம் செல் காலியானாலும் மீண்டு வரும் பழ ஈ விந்தகம்... மனிதர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

வாழைப்பழத்தை ரெண்டு நாள் வெளியே வைத்தால் போதும், எங்கிருந்தோ வந்து சுற்றும் அந்தக் குட்டி ஈயை எல்லோருமே பார்த்திருப்போம். சிவப்புக் கண், 3 மில்லிமீட்டரைத் தாண்டாத உடம்பு. கையை வீசினால் பறக்கும், மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். ஆண் ஈயாக இருந்தால் அதன் வயிற்றுக்குள் சுருள் சுருளாக ஒரு ஜோடி குழாய் இருக்கும். அதுதான் விந்தகம். சுருளை நீட்டினால் ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் நீளம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், இந்தக் குழாயின் நுனியில் இருந்த ஸ்டெம் செல்களை வேண்டுமென்றே காலி செய்தார்கள். விந்தணு உற்பத்திக்கு மூலதனமே அந்தச் செல்கள்தான். அது போனால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காலியான இடம் திரும்ப நிரம்பியது. வெளியிலிருந்து ஒரு செல்லைக்கூட யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. 2004-ல் வெளியான இந்த ஆய்வு, இனப்பெருக்க உறுப்புகள் தங்களை எப்படிப் பராமரித்துக்கொள்கின்றன என்ற கேள்வியையே வேறு பக்கம் திருப்பிவிட்டது.

ஈக்குப் பிள்ளை பிறந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். கேன்சருக்குக் கொடுக்கப்படும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல்லோடு சேர்த்து, விந்தணு உருவாக்கும் செல்களும் சினைப்பையில் உள்ள கருமுட்டைகளும் பாதிக்கப்படலாம். சிறு வயதில் கேன்சரிலிருந்து பிழைத்து வந்த பிள்ளை, 25 வயதில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது சந்திக்கும் கேள்வி இது. கேன்சரை விட்டுவிட்டாலும், உலகில் வயது வந்தோரில் 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மைப் பிரச்னையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது.

ஏன் பழ ஈ?

ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்பது இதன் அறிவியல் பெயர். ஆய்வகத்துக்குள் இது வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910-ல் வெள்ளைக் கண்ணுடன் இருந்த ஓர் ஆண் ஈயைக் கவனித்து, மரபணுக்கள் குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதை நிறுவினார். 1933-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

25 டிகிரி செல்சியஸில் வைத்தால் முட்டையிலிருந்து முழு ஈயாக சுமார் 10 நாள் போதும். ஒரு கண்ணாடிக் குப்பியில் ஒரு பெரிய குடும்பமே வாழும். செலவு மிகக் குறைவு. குரோமோசோம் வெறும் 4 ஜோடி. 2000-ல் இதன் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, மனிதர்களில் நோயோடு தொடர்புடைய மரபணுக்களில் பெரும்பகுதிக்கு ஈயிலும் ஓர் உறவுக்கார மரபணு இருப்பது தெரிந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட செல்லில் மட்டும், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஒரு மரபணுவை ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம். சில திரிபு ஈக்களில் இதற்கு ஸ்விட்ச் எது தெரியுமா? வெப்பநிலை. குப்பியைக் கொஞ்சம் சூடான அலமாரிக்கு மாற்றினால் ஒரு புரதம் வேலை நிறுத்தம் செய்யும். பழைய அலமாரிக்குக் கொண்டுவந்தால் மறுபடி வேலைக்குத் திரும்பும். 2004 ஆய்வில் கைகொடுத்தது இந்தத் தந்திரம்தான்.

(விஷயத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஈயின் விந்தணு கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளம், மனித விந்தணுவைப் போல 30 மடங்குக்கு மேல். இதன் உறவினரான ட்ரோசோஃபிலா பைஃபர்கா என்ற இனத்தின் விந்தணு 5.8 சென்டிமீட்டர். ஆமாம், சென்டிமீட்டர்தான்.)

குழாயின் நுனியில் என்ன இருக்கிறது?

தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தால் பாளை, குரும்பை, இளநீர், முற்றிய காய் எல்லாம் ஒரே மரத்தில் வயது வாரியாகத் தெரியும். ஈயின் விந்தகமும் அப்படித்தான். மூடிய நுனியில் ஸ்டெம் செல்கள், அதற்கு அடுத்து இப்போதுதான் புறப்பட்ட செல்கள், இன்னும் தள்ளிப் போனால் பாதி வளர்ந்தவை, கடைசியில் வாலோடு கூடிய விந்தணுக்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஒருவருக்கு எந்தச் செல் எந்த வயது என்று குழப்பமே வராது. எலி, மனித விந்தகங்களில் ஸ்டெம் செல்லைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு.

நுனியின் நடுவில் பத்துப் பதினைந்து செல்கள் கொத்தாக இருக்கும். ஆய்வாளர்கள் இதை 'ஹப்' என்கிறார்கள். இந்தக் கொத்து தானாக விந்தணு எதையும் உருவாக்குவதில்லை. அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பவைதான் ஸ்டெம் செல்கள். ஒரு ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும்போது, ஹப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாதி ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும். தள்ளிப்போன பாதி வேலைக்குக் கிளம்பிவிடும். அது நான்கு முறை பிரிந்து 16 ஆகும், பிறகு குரோமோசோமைப் பாதியாக்கும் பிரிவு நடந்து 64 விந்தணுக்களாகும்.

ஒட்டியிருப்பதற்கும் தள்ளிப்போவதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 2001 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று எரிகா மாட்டூனிஸ் குழுவினுடையது, மற்றொன்று ஸ்டான்ஃபோர்டில் மார்கரெட் ஃபுல்லர் குழுவினுடையது. இரண்டும் சொன்னது ஒன்றே. ஹப் செல்கள் 'அன்பேர்டு' என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அது பக்கத்து செல்லில் ஜாக்-ஸ்டாட் என்ற சமிக்ஞைப் பாதையை எழுப்பி, "நீ ஸ்டெம் செல்லாகவே இரு" என்கிறது. அந்தக் குரல் எட்டாத தூரத்துக்குப் போன செல், ஸ்டெம் செல்லாக இருப்பதை விட்டுவிடுகிறது. அன்பேர்டை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தால் விந்தகம் முழுக்க ஸ்டெம் செல்லாகவே பெருகி, கட்டி போல ஆகிவிடுகிறது. இதே ஜாக்-ஸ்டாட் பாதை நம் உடம்பிலும் உண்டு. அதில் ஒரு மரபணு கட்டுப்பாடு இழந்தால் ரத்த அணுக்கள் தாறுமாறாகப் பெருகும் நோய்கள் வருகின்றன.

ஸ்டெம் செல்லுக்கென்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, அதன் குணத்தை அந்த இடம்தான் காப்பாற்றுகிறது என்ற யோசனையை 1978-லேயே இங்கிலாந்தில் ரத்த ஸ்டெம் செல்களை ஆராய்ந்த ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் முன்வைத்தார். 'நிச்' என்று பெயரும் வைத்தார். எலும்பு மஜ்ஜைக்குள் அந்த இடத்தைக் கண்ணால் காட்டுவது அப்போது முடியாத காரியம். அதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது பழ ஈதான். பெண் ஈயின் சினைப்பையில் டிங் ஷியும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் 1998-லும் 2000-லும் செய்த ஆய்வுகள் இதில் முதன்மையானவை. அங்கே ஒவ்வொரு சினைக்குழலின் நுனியிலும் இரண்டு மூன்று ஸ்டெம் செல்கள்தான், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் சமிக்ஞையின் பெயர் வேறு. ஏற்பாடு அதே மாதிரி.

கிளம்பிய செல் திரும்பி வருமா?

இப்போது 2004-க்கு வருவோம்.

மாட்டூனிஸ் ஆய்வகத்தில் கிறிஸ்டா பிராலி எடுத்துக்கொண்ட ஈக்களில், வெப்பநிலை ஏறினால் ஸ்டாட் புரதம் செயலிழந்துவிடும். குப்பியைச் சூடான இடத்துக்கு மாற்றினார்கள். ஹப் கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. ஸ்டெம் செல்கள் ஒவ்வொன்றாக விந்தணு ஆகும் பாதையில் இறங்கிவிட்டன. ஹப்பைச் சுற்றியிருந்த இடம் காலி. பிறகு வெப்பநிலையைக் குறைத்தார்கள். ஸ்டாட் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது.

பாதி வழி போயிருந்த செல்கள் திரும்பின. இந்தச் செல்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. பிரியும்போது முழுசாகப் பிரியாமல், சின்னப் பாலங்களால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூட்டமாகவே வளர்பவை. அந்தக் கூட்டம் உடைந்து, ஹப்பிடம் வந்து ஒட்டி, மறுபடியும் ஸ்டெம் செல்லாக மாறின. பெயரளவுக்கு மாறவில்லை, புதிதாக விந்தணு வரிசையையே தொடங்கும் அளவுக்கு மாறின. அறிவியலில் இதை 'டீடிஃபரன்ஷியேஷன்' என்கிறார்கள். முதிர்ச்சியை நோக்கிக் கிளம்பிய செல், பின்னோக்கி நடந்து பழைய நிலைக்கு வருவது.

அதே ஆண்டு, அதே பால்டிமோரில் இருந்த கார்னகி நிறுவன ஆய்வகத்தில் டோஷியே காயும் ஸ்ப்ராட்லிங்கும் பெண் ஈக்களில் இதையே காட்டினார்கள். 4 செல், 8 செல் கூட்டமாகிவிட்ட கருமுட்டை வரிசையின் செல்களும் திரும்பி வந்து ஸ்டெம் செல் ஆகின்றன. அந்தக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். ஸ்டெம் செல் போனாலும் அது குடியிருந்த இடம் நல்லபடியாக இருந்தால் மீட்புக்கு வழி இருக்கிறது. 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று கேட்டதும் நாம் செல்லை மட்டும்தான் யோசிக்கிறோம். ஊசி போட்டு உள்ளே அனுப்பும் செல்லுக்கு அங்கே வீடு இருக்கிறதா என்ற கேள்வியை ஈதான் அழுத்தமாகக் கேட்டது.

சரி, வீடே சேதமானால்?

ஹப்பைச் சுற்றி விந்தணு ஸ்டெம் செல்கள் மட்டும் இல்லை. அவற்றைப் போர்த்தியபடி இன்னொரு வகை ஸ்டெம் செல்களும் உண்டு. விந்தணுவாகப் போகும் செல்களைப் பொதிந்து வளர்க்கும் துணைச் செல்களை உருவாக்குபவை இவை. 2014-ல் மாட்டூனிஸ் குழு இந்தத் துணை ஸ்டெம் செல்களை முழுசாக அழித்துப் பார்த்தது. வயது வந்த ஈயில் பிரியாமல் சும்மா இருக்கும் ஹப் செல்கள், அப்போது தூக்கம் கலைந்து எழுந்தன. சில செல்கள் ஹப்பை விட்டு விலகி, அழிந்துபோன துணை ஸ்டெம் செல்களாகவே மாறின. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நாளாக நாளாக ஒரு விந்தகத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஹப்கள் முளைத்தன. ஒரு வீட்டில் நாலு அடுப்பு எரிவது மாதிரி. சரிசெய்யும் திறமை இருக்கிறது, ஆனால் சரிசெய்த பிறகு பழைய அமைப்பு அப்படியே கிடைப்பதில்லை.

வயதும் பட்டினியும்

வயதான ஆண் ஈயின் ஹப், இளம் வயதில் சுரந்த அளவுக்கு அன்பேர்டைச் சுரப்பதில்லை. லீயன் ஜோன்ஸ் குழு 2007-ல் இதைக் காட்டியது. ஸ்டெம் செல் எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு வேகமாகக் குறைவதில்லை. காரணம், திரும்பி வரும் செல்கள் இடைவெளியை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. யுகிகோ யமாஷிதா குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வயதான விந்தகங்களில் இப்படித் திரும்பி வந்த செல்கள் அதிகமாக இருப்பது தெரிந்தது. அங்கே ஒரு சிக்கலும் தெரிந்தது. ஸ்டெம் செல் பிரியும்போது எந்தப் பக்கமாகப் பிரிய வேண்டும் என்ற திசை ஒழுங்கு முக்கியம். திரும்பி வந்த செல்கள் பலவற்றில் அந்தத் திசை தவறியிருந்தது. திசை சரியாகும்வரை அவை பிரியாமல் நின்றுவிடுகின்றன. ஆக, ஆள் கணக்கு சரியாக இருக்கும், உற்பத்தி குறையும்.

சாப்பாடும் கணக்கில் வருகிறது. புரதம் குறைவான உணவு கொடுத்த பெண் ஈக்களும் புரதம் நிறைந்த உணவு கொடுத்த பெண் ஈக்களும் இடும் முட்டைகளில் 60 மடங்கு வித்தியாசம் இருப்பதை ட்ரம்மண்ட்-பர்போசாவும் ஸ்ப்ராட்லிங்கும் 2001-ல் பதிவு செய்தார்கள். இன்சுலின் போன்ற சமிக்ஞைகள் நேராக ஸ்டெம் செல்லிடமே போய்ப் பேசுகின்றன என்பது பிறகு தெரிந்தது. ஆண் ஈக்களைப் பட்டினி போட்டால் ஸ்டெம் செல் குறையும், மறுபடி சாப்பாடு போட்டால் கூடும். இப்படிப் பட்டினியும் சாப்பாடும் மாறி மாறி வரும்போது, பாதி வழி போன செல்களைத் திரும்ப அழைப்பதில் ஜேஎன்கே என்ற சமிக்ஞைக்குப் பங்கு உண்டு என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஹெரேரா, எரிகா பாக் இருவரும் 2018-ல் காட்டினார்கள்.

எல்லாச் சுரப்பியும் ஸ்டெம் செல்லை நம்பி இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் ஈயில் விந்துத் திரவத்தின் புரதங்களைச் சுரக்கும் துணைச் சுரப்பி ஒன்று உண்டு, நமது ப்ராஸ்டேட்டோடு ஒப்பிடுவார்கள். அதில் ஸ்டெம் செல் கிடையாது. அங்கே செல்கள் பிரிவதற்குப் பதில் தங்கள் டிஎன்ஏ-வைப் பெருக்கிக்கொண்டு அளவில் பெரிதாகின்றன.

ஆண் என்பதும் பராமரிப்புதானா?

விந்தகம் ஒருமுறை விந்தகமாக உருவாகிவிட்டால் கடைசிவரை அப்படியே இருக்கும் என்றுதான் பாடப்புத்தகம் படித்த நமக்குத் தோன்றும். மாட்டூனிஸ் குழுவின் இன்னொரு ஆய்வு, இதுவும் 2014-ல்தான், அதைக் கொஞ்சம் ஆட்டம் காண வைத்தது. முன்னே சொன்ன துணை ஸ்டெம் செல்களில் 'சின்மோ' என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கினார்கள். வளர்ந்த ஆண் ஈயின் விந்தகத்துக்குள் அந்தச் செல்கள், சினைப்பையில் இருக்கும் பெண் செல்களைப் போல மாறத் தொடங்கின. சின்மோ, டபுள்செக்ஸ் என்ற பாலின மரபணுவைத் தாங்கிப் பிடிப்பதன் வழியே இதைச் செய்கிறது.

டபுள்செக்ஸின் பாலூட்டி உறவினர் டிஎம்ஆர்டி1. வளர்ந்த ஆண் எலியில் அதை நீக்கினால் விந்தகத்தின் துணைச் செல்கள் சினைப்பைச் செல்களைப் போல மாறுகின்றன என்று மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு 2011-ல் சொன்னது. அதற்கு முன்பே, 2009-ல், பெண் எலியில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை நீக்கியபோது எதிர்த்திசையில் மாற்றம் நடந்தது. விந்தகமும் சினைப்பையும் தங்கள் அடையாளத்தை வளர்ந்த பிறகும் காவல் காத்துக்கொண்டே இருக்கின்றன.

மனிதர்களுக்கு இது எந்த அளவு பொருந்தும்?

ஆண் விஷயத்தில் பாதை ஓரளவு திறந்திருக்கிறது. விந்தணு ஸ்டெம் செல்கள் மனித ஆணுக்கும் உண்டு. எலியில் பாதி வழி போன செல்கள் தேவைப்பட்டால் திரும்பி வருகின்றன என்பதை ஜப்பானில் ஷோசே யோஷிதா குழு 2010-ல் காட்டியது. ஆனால் எலியின் ஸ்டெம் செல்லைத் தாங்கும் முக்கியச் சமிக்ஞை அன்பேர்டு இல்லை, ஜிடிஎன்எஃப் என்ற வேறு புரதம். ஏற்பாட்டின் தத்துவம் ஒன்று, உதிரி பாகங்கள் வேறு. ஈயில் வேலை செய்ததை அப்படியே மனிதனுக்கு மாட்ட முடியாது.

பெண் விஷயம் இன்னும் கவனமாகப் பேச வேண்டியது. பெண் ஈ சாகும்வரை ஸ்டெம் செல்லிலிருந்து புதிய முட்டை உருவாக்குகிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. அதன் பிறகு குறைவது மட்டும்தான். வளர்ந்த எலியின் சினைப்பையிலும் ஸ்டெம் செல் இருப்பதாக 2004-ல் ஒரு குழு சொன்னது. அந்த வாதத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

இந்த இடத்தில்தான் விளம்பரங்கள் புகுந்துவிடுகின்றன. 'ஸ்டெம் செல் மூலம் கருமுட்டை புதுப்பிப்பு', 'விந்தணு இல்லாதவருக்கும் தீர்வு' என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்றுவது மட்டும்தான் வழக்கமான சிகிச்சை. மற்றவை அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். குழந்தைக்காக ஏங்கும் தம்பதியிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்யப்படும் எதுவாக இருந்தாலும், இது பரிசோதனையா, பதிவு எண் என்ன என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

நிஜமாகவே முன்னேறியிருக்கும் பாதை வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர் 1994-ல் ஓர் எலியின் விந்தணு ஸ்டெம் செல்லை எடுத்து, மலட்டு எலிக்குள் வைத்து விந்தணு உருவாக்கிக் காட்டினார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கைல் ஆர்விக் குழு, பருவம் அடையாத குரங்குகளின் விந்தகத் திசுவை எடுத்து உறையவைத்து, பிறகு அதே குரங்கின் தோலுக்கடியில் திரும்ப வைத்தது. அதில் உருவான விந்தணுவிலிருந்து ஒரு பெண் குட்டி பிறந்தது. கிரேடி என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் இந்த ஆய்வு வெளியானது. பெண்களில், உறையவைத்த சினைப்பைத் திசுவைத் திரும்ப வைத்து முதல் குழந்தை பிறந்ததாக பெல்ஜியத்தில் 2004-லேயே அறிவித்துவிட்டார்கள்.

இந்த இரண்டு முறையிலும் திசுவாகவே எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். செல்லோடு சேர்த்து அது குடியிருக்கும் இடமும் வருகிறது.

இன்றைக்கு ஒரு குடும்பத்துக்குக் கையில் கிடைக்கும் வழி, சிகிச்சை தொடங்கும் முன் சேமிப்பது. பருவம் அடைந்த ஆண் என்றால் விந்தணுவை உறையவைக்கலாம், பெண் என்றால் கருமுட்டையை. இன்னும் பருவம் வராத ஆண் பிள்ளைகளுக்குத் திசுவை உறையவைப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, எல்லா ஊரிலும் கிடைக்காது. கீமோ தேதி குறிக்கும் பரபரப்பில் டாக்டரும் மறக்கலாம், வீட்டாரும் கேட்கக் கூச்சப்படலாம். முதல் டோஸ் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் எடுத்து வைக்கச் செல் மிச்சம் இருக்குமா என்பது மருந்தையும் அளவையும் பொறுத்தது.